அறிவிப்பாளர் இல்லாத செய்தி!

(நமது இதழின் வாசகர் சந்திப்பில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)

 

 

செல்போனும் கம்ப்யூட்டரும் செய்தி உலகத்தை என்ன செய்து கொண்டிருக்கின்றன, ‘செயற்கை நுண்ணறிவு’ என்கிறார்களே, அது பத்திரிகைகளைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தப் போகிறது என்பதைப் பற்றிப் பேசுங்கள் என்று பொறுப்பாளர்கள் கேட்டுக் கொண்டார்கள். மதரஸாவில் கிதாபு ஓதிய ஆளுக்கு இதில் என்ன வேலை என்று முதலில் தயங்கினேன். இரண்டு நாள் யோசித்த பிறகு, இது நம்முடைய பாடம்தான் என்று தோன்றியது. ஒரு செய்தி காதில் விழுந்தால் அதை ஏற்பதா மறுப்பதா என்பதற்கு ஒரு தனி இல்மையே உண்டாக்கி வைத்த சமுதாயம் நாம். அந்த இல்மை கிதாபுக்குள் பூட்டி வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் வாய் பிளந்து கேட்டுக் கொண்டிருக்கிறோம்.

நம் மூத்தவர்கள் 1990களில் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரியும். எங்கே குண்டு வெடித்தாலும் மறுநாள் காலையில் ‘முஸ்லிம் தீவிரவாதிகள் சதி’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வரும். உடனே நம்மவர்கள் பேனாவை எடுப்பார்கள். நூறு கடிதம் போனால் ஒன்றாவது ‘ஆசிரியருக்குக் கடிதம்’ பகுதியில் வரும். வராவிட்டால் ஐந்து பேர் அந்த அலுவலகத்துக்கே போய் உட்காருவார்கள். பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் எழுதுவார்கள். பலன் கிடைத்ததா என்றால் பல சமயம் இல்லைதான். ஆனால் போய் உட்கார ஒரு இடம் இருந்தது! பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அடியில் பார்த்தீர்களானால், எறும்பு சைஸ் எழுத்தில், அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர் என்று பெயரும் முகவரியும் போட்டிருக்கும். வெள்ளைக்காரன் 1867ல் போட்ட சட்டத்திலிருந்து வந்த பழக்கம் அது. அவன் போட்டது நம்மை வேவு பார்க்கத்தான். என்றாலும் பொய் சொன்னவன் யார் என்று தேடிப் போக அந்த வரி உதவியது. என் கணக்கில் அதுதான் பத்திரிகையின் இஸ்னாத், அறிவிப்பாளர் தொடர்.

இப்போது உங்கள் செல்போனை எடுத்துப் பாருங்கள். ஒரு செய்தி வந்திருக்கிறது. அதன் தலையில் இரண்டு அம்புக்குறி. பலமுறை அனுப்பப்பட்டது என்று ஒரு வரி. சொன்னவர் யார்? தெரியாது. அவருக்குச் சொன்னவர் யார்? தெரியாது. இப்படிச் சொன்னவர் யாரென்றே தெரியாத செய்தியை நம்பித்தான் 2018 மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கத்தில், குலதெய்வம் கும்பிட வந்த ஒரு வயதான அம்மாவை, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காகக் குழந்தை கடத்துகிறவர் என்று அடித்தே கொன்றார்கள். கொன்றவர்கள் ரவுடிகள் அல்ல. நம்மைப் போல வீட்டில் பிள்ளை வைத்திருக்கிற ஊர் ஜனங்கள்!

இது ஏன் இப்படி நடக்கிறது? மனிதன் என்றைக்கும் வதந்தி பேசியவன்தானே, புதிதாக என்ன என்று கேட்பீர்கள். புதிது இதுதான். வதந்தியை எடுத்துக் கொடுக்க முன்பு ஆள் வேண்டும். இன்று அந்த வேலையைக் கம்பெனியின் கணக்கு பார்க்கிறது. எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று பேஸ்புக் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒருவர் ‘லைக்’ போட்டால் அதற்கு ஒரு மதிப்பு. கோபக் குறி போட்டால் அதைப் போல ஐந்து மடங்கு மதிப்பு என்று 2017ல் வைத்தார்கள். கம்பெனியின் உள் ஆவணங்கள் 2021ல் வெளியே வந்தபோதுதான் இது உலகத்துக்குத் தெரிந்தது. பிறகு படிப்படியாகக் குறைத்து 2020ல் அந்தக் கோபக் குறியின் மதிப்பைப் பூஜ்யமாக்கி விட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இடைப்பட்ட அந்த வருடங்களில், எது ஜனங்களைக் கொதிக்க வைத்ததோ அதற்கே முன் வரிசை கிடைத்தது. நடுநிலையாக எழுதிய செய்தியாளன் பின் பெஞ்சுக்குப் போனான்.

அந்த வருடங்களில் ஒன்றில் அம்பாறையில் நடந்ததைக் கேளுங்கள். 2018 பிப்ரவரி 26. இலங்கையின் கிழக்கே உள்ள ஊர். ஒரு முஸ்லிம் சகோதரரின் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த சிங்களவர் ஒருவர், உணவில் வெள்ளையாக ஏதோ கட்டி கிடக்கிறது, எங்கள் இனத்தை மலடாக்க மாத்திரை போட்டிருக்கிறாய் என்று கத்தினார். கூட்டம் சூழ்ந்து கொண்டது. தமிழ் பேசும் அந்தக் கடைக்காரருக்குச் சிங்களம் அரைகுறை. மாவுக் கட்டியைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, ‘ஆமாம், போட்டோம்’ என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். அவ்வளவுதான்! முஸ்லிம் ஒப்புக் கொண்டுவிட்டான் என்று அந்த வீடியோ பேஸ்புக்கில் ஓடியது. கடையை நொறுக்கினார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அரசாங்கப் பகுப்பாய்வில் அது மாவுதான் என்று வந்தது. அப்படி நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் கிடையாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். யார் கேட்டார்கள்?

அடுத்த வாரமே கண்டி மாவட்டம் திகன. அங்கே சாலைத் தகராறு ஒன்றில் முஸ்லிம் வாலிபர்கள் தாக்கியதில் சிங்கள லாரி ஓட்டுநர் ஒருவர் இறந்து போனார். அது குற்றம், அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அம்பாறை வீடியோ ஏற்கெனவே ஊதி வைத்திருந்த நெருப்பில் இது எண்ணெயாக விழுந்தது. நம்மவர்களின் வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் எரிந்தன. மார்ச் 6ல் அவசரநிலை. மறுநாள் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் அரசாங்கமே நிறுத்தி வைத்தது. அதற்கு முன்னால் அங்குள்ளவர்கள் சிங்களத்தில் வந்த கொலை மிரட்டல்களைக் கம்பெனிக்கு எழுதி எழுதிக் களைத்துப் போயிருந்தார்கள். அந்த மொழி படிக்கத் தெரிந்த ஆட்களே கம்பெனியில் போதிய அளவில் இல்லை! இரண்டு வருடம் கழித்து, 2020 மே மாதம், தங்கள் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு பேஸ்புக் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைக்கு அந்த வருத்தத்தை வைத்து ஓடு கூடப் போட முடியாது.

இங்கே ஆலிம்களும் மாணவர்களும் இருக்கிறீர்கள். ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் எதற்காக இறங்கியது என்று தஃப்ஸீர் கிதாபுகளில் ஓதியிருப்பீர்கள். ஸகாத் வசூலிக்கப் போன ஒருவர், தம்மை வரவேற்க ஊரே திரண்டு வருவதைத் தூரத்திலிருந்து பார்க்கிறார். பழைய பகை மனதில் இருந்ததால், கொல்லத்தான் வருகிறார்கள் என்று பயந்து திரும்பி ஓடிவந்து, ஸகாத் தர மறுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார். படை புறப்படும் அளவுக்குப் போன பிறகுதான் உண்மை தெரிந்தது. அதையொட்டித்தான், வந்த செய்தியைத் தீர விசாரியுங்கள் என்ற கட்டளை வந்தது. அந்த மனிதர் பார்த்தது பொய்யில்லை. கூட்டம் வந்தது உண்மை. அர்த்தம்தான் தப்பு. அம்பாறை வீடியோவும் அப்படித்தான். கடைக்காரர் ‘போட்டோம்’ என்று சொன்னது உண்மை! கண்ணால் பார்த்தேன், வீடியோவே இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2020 மார்ச் கடைசியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் மார்ச் மத்தியில் நடந்த ஜமாஅத் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களில் தமிழ்நாட்டவர் ஏராளம். சிலருக்கு நோய் கண்டது, சிலர் மவுத்தானார்கள். அந்த நேரத்தில் அவ்வளவு பேர் கூடியிருக்க வேண்டாம் என்று நம்மிலேயே பலர் சொன்னோம். இன்றும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் கவனக்குறைவு என்று சொல்ல வேண்டியதற்கு ‘கொரோனா ஜிஹாத்’ என்று பெயர் வைத்தார்களே, அதைச் சொல்லுங்கள்! மார்ச் 28க்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் ட்விட்டரில் அந்தச் சொல் ஏறக்குறைய 3 லட்சம் தடவை வந்தது, 16.5 கோடிப் பேர் வரை அதைப் பார்த்திருக்கக் கூடும் என்று கணக்கிட்டார்கள். தட்டையும் கரண்டியையும் நக்கி நோயைப் பரப்புகிறார்கள் என்று ஒரு வீடியோ. அது 2018லிருந்தே சுற்றிக் கொண்டிருந்த பழைய வீடியோ. ஒரு பருக்கை கூட வீணாகக் கூடாது என்று தட்டை வழித்துச் சாப்பிடுகிற போஹ்ரா சகோதரர்கள் அவர்கள். கறிச் சோறு கேட்டு ரகளை செய்து, வெளியில் மலம் கழித்தார்கள் என்று ஒரு செய்தி. சஹாரன்பூர் போலீசே விசாரித்துவிட்டு அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொன்னது. அருணாசலப் பிரதேசத்தில் ஜமாஅத்தார் 11 பேருக்கு நோய் என்று ஒரு இந்தி சேனல் சொன்னது. மாநிலம் முழுவதுமே ஒரே ஒரு நோயாளிதான் என்று அந்த அரசாங்கம் மறுத்தது; சேனல் மன்னிப்புக் கேட்டது.

ட்விட்டரில் கிளம்பியதை டி.வி. எடுத்தது, டி.வி. காட்டியதை வாட்ஸ்அப் வெட்டி அனுப்பியது, வாட்ஸ்அப்பில் பரவுகிறது என்பதே மறுநாள் பத்திரிகைக்குச் செய்தியானது. யாரும் எங்கும் ஒரு செய்தியாளனை அனுப்பிப் பார்க்கவில்லை. காய்கறி வண்டிக்காரனிடம் பெயர் கேட்டு விரட்டினார்களே, அந்த ஏழைக்கு யார் பதில் சொல்வது?

2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தார் 29 பேர் மீதான வழக்கை ரத்து செய்தது. அவர்களைப் பலிகடாவாக்கி விட்டார்கள், பத்திரிகைகளிலும் டி.வி.யிலும் பெரும் பிரச்சாரம் நடந்தது என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதினார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்த குற்றத்துக்காக வழக்கு வாங்கிய இந்தியர்கள் 70 பேரை டெல்லி உயர்நீதிமன்றம் விடுவித்தது 2025 ஜூலையில். பொய் ஒரு வாரத்தில் நாடு சுற்றியது; நீதி வந்து சேர ஐந்து வருடம் நான்கு மாதம். அந்தத் தீர்ப்பு உங்களில் எத்தனை பேர் செல்போனுக்கு வந்தது? கையைத் தூக்குங்கள் பார்ப்போம் என்று கூட்டத்தில் கேட்டேன். நான்கு கைகள்!

இதுவரை சொன்னதெல்லாம் மற்றவர்கள் நமக்குச் செய்தது. இதைக் கேட்கும்போது நமக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். பாதிக்கப்பட்டவன் என்கிற இருக்கை சௌகரியமானது. இனி சொல்லப் போவது நான் செய்தது.

2023 அக்டோபர் கடைசி. காஸாவில் குண்டு மழை. மனம் பதைத்துக் கிடந்த நேரம். ஒரு படம் வந்தது. இடிபாடுகளுக்கு நடுவே ஒரு தகப்பன், ஐந்து குழந்தைகளை உடம்பெல்லாம் ஏந்திக் கொண்டு நடந்து வருகிறான். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பள்ளிவாசல் குரூப்பில் போட்டேன். ஜும்ஆ பயானில் அந்தப் படத்தை வர்ணித்தேன், ஜனங்கள் அழுதார்கள். நிவாரண நிதிக்குத் துண்டு ஏந்தினோம். மக்ரிபுக்குப் பிறகு ஓத வரும் ஒரு பெண் பிள்ளை, பிளஸ் டூ படிக்கிறது, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது: “ஹஜ்ரத், அந்தப் படத்துல இடது பக்கம் ஒரு கை இருக்கே, அது யாரோட கை?”

எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகளையும் தகப்பனையும் எண்ணினால் கணக்கு உதைத்தது. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கை! கம்ப்யூட்டர் வரைந்த படம் அது. அப்படி ஒரு தகப்பன் காஸாவில் இருந்திருக்கலாம். ஒன்றல்ல, நூறு பேர் இருந்திருப்பார்கள். ஆனால் நான் மிம்பரில் நின்று சாட்சி சொன்னேனே, அந்த ஆள் இல்லை.

மறுவாரம் சபையில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்ல ஆசைதான். கேட்கவில்லை. குரூப்பில் படத்தை அழித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். வசூலான பணம் சரியான இடத்துக்குப் போய்விட்டது, நிய்யத்து நல்லதுதானே, கிளறுவானேன் என்று எனக்கு நானே ஃபத்வா கொடுத்துக் கொண்டேன்.

அதன் விலை 2025 ஆகஸ்டில் தெரிந்தது. அந்த மாதம் 2ஆம் தேதி காஸா நகரத்தில், ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் உமர் அல்கத்தாஃ ஒரு படம் எடுத்தார். பட்டினியில் எலும்புக் கூடாகிப்போன ஒன்பது வயதுச் சிறுமி, தாயின் கைகளில். போருக்கு முன் 25 கிலோ இருந்த பிள்ளை, இப்போது 9 கிலோ என்று தாய் சொன்னார். உலகம் முழுவதும் அந்தப் படம் போயிற்று. நானும் குரூப்பில் போட்டேன். இந்த முறை எடுத்தவர் பெயர், நிறுவனம், தேதி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் போட்டேன். பத்து நிமிடத்தில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் பதில் போட்டார்: “ஹஜ்ரத், இது காஸா இல்லை. ஏமன். 2018ல எடுத்தது. மெஷின்கிட்டயே கேட்டுட்டேன்.”

எக்ஸ் தளத்தில் ‘குரோக்’ என்று ஒரு செயற்கை நுண்ணறிவு வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் உலகம் பூரா ஜனங்கள் இதே படத்தைக் காட்டி இதே கேள்வியைக் கேட்டார்கள். அது அடித்துச் சொன்னது: இது 2018ல் ஏமனில் எடுத்த வேறொரு சிறுமியின் படம் என்று! பிரான்சில் இந்தப் படத்தை வெளியிட்ட ஒரு எம்.பி.யையே பொய் பரப்புகிறார் என்று தூற்றினார்கள். நிறுவனம் படத்தை எடுத்த இடத்தையும் தேதியையும் உறுதி செய்த பிறகும், அந்த மெஷின் ஒருமுறை திருத்திக் கொண்டுவிட்டு மறுநாள் மீண்டும் ஏமன் என்றது.

நான் அந்தச் சகோதரருக்கு விளக்கம் எழுதினேன். அவர் எழுதிய பதில் இன்றும் என் செல்போனில் இருக்கிறது: “அந்த அஞ்சு பிள்ளைங்க படத்தையும் நீங்கதானே ஹஜ்ரத் போட்டீங்க?”

என்ன பதில் சொல்ல? பட்டினி கிடந்த ஒரு நிஜப் பிள்ளைக்காக நான் சாட்சி சொல்ல நின்றபோது, என் பழைய பொய்ச் சாட்சி வந்து என் வாயை அடைத்தது. முஹத்திஸ்களின் பாஷையில் சொன்னால், நான் தள்ளப்பட்ட அறிவிப்பாளன் ஆகிவிட்டேன். அதன் பிறகுதான், இரண்டு வருடம் தாமதமாக, ஜும்ஆவில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன்.

இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று விவரம் தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்து கொண்டேன். கோடிக்கணக்கான பக்கங்களை விழுங்கி வைத்திருக்கிறது. நாம் கேள்வி கேட்டால், இந்த வார்த்தைக்குப் பின்னால் எந்த வார்த்தை வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டுக் கோர்த்துக் கொடுக்கிறது. ஏமன் பிள்ளையின் படம் முன்பே பிரபலம். அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருந்தது. காஸா பிள்ளையின் படம் புதிது. மெலிந்த பிள்ளை என்றதும் பழைய விலாசத்தை எடுத்துப் புதிய பிள்ளை மேல் ஒட்டிவிட்டது. தெரியாது என்று சொல்ல அதற்கு வாய் வருவதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே பாதி இல்ம் என்று நம் உஸ்தாதுமார்கள் அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். இதற்கு அடித்துச் சொல்லிக் கொடுக்க உஸ்தாது இல்லை போலும்!

இமாம் புகாரி (ரஹ்) பக்தாதுக்கு வந்தபோது அவர்களைச் சோதிக்க, பத்துப் பேர் சேர்ந்து நூறு ஹதீஸ்களை எடுத்து, ஒன்றின் வாசகத்துக்கு இன்னொன்றின் அறிவிப்பாளர் தொடரை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார்கள் என்று வரலாறு சொல்கிறார்கள். இமாமவர்கள் நூறையும் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய தொடரோடு திருப்பிச் சொன்னார்களாம். அந்தப் பத்துப் பேர் சோதனைக்காகச் செய்ததை இந்த மெஷின் வேலையாகவே செய்கிறது. வாசகத்தைத் தருகிறது; தொடரை மாற்றிப் போடுகிறது, அல்லது அறுத்துவிடுகிறது. 2025 அக்டோபரில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் பி.பி.சி.யும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 18 நாடுகளின் பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் 22, மொழிகள் 14. இந்த மெஷின்களிடம் செய்தி கேட்டு வாங்கிய 3,000க்கும் மேற்பட்ட பதில்களைச் செய்தியாளர்களே உட்கார்ந்து பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 45 பதில்களில் குறைந்தது ஒரு பெரிய கோளாறு. நூற்றுக்கு 31ல் கோளாறு எதில் தெரியுமா? எங்கிருந்து எடுத்தது என்று சொல்வதில்! இஸ்னாத் பலவீனம்!

இதை வைத்து, மெஷினே ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை. என் பயான் குறிப்புகளை இன்று அதில்தான் தட்டச்சு செய்கிறேன். என் கவலை வேறு. மெஷின் எதைத் தின்று வளர்கிறது? எங்கோ ஒரு செய்தியாளன் வெயிலில் நின்று எழுதியதை. அவனுக்கு யார் கூலி கொடுப்பது? நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பரில் அமெரிக்காவிலும், ஏ.என்.ஐ. நிறுவனம் 2024 நவம்பரில் டெல்லி உயர்நீதிமன்றத்திலும் இதற்காகத்தான் ஓப்பன் ஏ.ஐ. கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். பெரிய பத்திரிகைகள் கோர்ட்டுக்குப் போகும், சமாளித்துக் கொள்ளும். கனடாவில், செய்தியை வைத்துச் சம்பாதிக்கிறாயே, செய்தி நிறுவனத்துக்கும் பங்கு கொடு என்று 2023ல் சட்டம் போட்டார்கள். பேஸ்புக்கை வைத்திருக்கும் மெட்டா என்ன செய்தது? அந்த ஆகஸ்டில் கனடா நாட்டுக்கே செய்தியை நிறுத்திவிட்டது! அதே மாதம் வடக்கே காட்டுத் தீ; யெல்லோநைஃப் நகரத்தில் ஏறக்குறைய 20,000 பேர் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற செய்தியைக் கூட அங்கே பகிர முடியவில்லை. நாட்டின் அரசாங்கத்துக்கே அந்தக் கதி என்றால், இரு வாரத்துக்கு ஒருமுறை வரும் நம் இதழ் எந்த மூலைக்கு?

கூலி மட்டுமல்ல, உயிரும் போகிறது. காஸாவுக்குள் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சுதந்திரமாக வர 2023 அக்டோபரிலிருந்து இஸ்ரேல் அனுமதி மறுத்தது. உள்ளே இருக்கும் பாலஸ்தீனச் செய்தியாளர்கள்தான் உலகத்தின் கண். அவர்களே பட்டினி கிடக்கிறார்கள் என்று ஏ.எஃப்.பி., ஏ.பி., ராய்ட்டர்ஸ், பி.பி.சி. நால்வரும் 2025 ஜூலையில் கூட்டறிக்கை விட்டார்கள். அந்தச் சிறுமியின் படம் எடுக்கப்பட்டு எட்டாவது நாள், ஆகஸ்ட் 10ல், அதே காஸா நகரத்தில் அல் ஷிஃபா மருத்துவமனை அருகே கூடாரத்தில் இருந்த அல் ஜஸீராவின் அனஸ் அல் ஷரீஃபையும் அவருடைய தோழர்களையும் குண்டு போட்டுக் கொன்றார்கள். அறிவிப்பாளர்களைக் கொன்றுவிட்டால் எந்தச் செய்திக்கும் தொடர் இராது. அதற்குப் பிறகு மெஷின் சொல்வதுதான் செய்தி.

ஒரு சின்ன நினைவு. 1992 டிசம்பர் 6. எனக்கு அப்போது விவரம் முழுசாகத் தெரியாத வயது. பாபரி மஸ்ஜிதுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் தெருவே தவித்தது. இரவு எங்கள் வாப்பா ரேடியோவின் சிற்றலையைத் திருகித் திருகி பி.பி.சி. தமிழோசையைப் பிடித்தார். பத்துப் பதினைந்து பேர் எங்கள் திண்ணையில். கரகரப்புக்கு நடுவில் அந்தக் குரல் சொன்ன பிறகுதான் நம்பினார்கள். அது நம்முடைய ரேடியோ இல்லை; நம்மை ஆண்டவனுடைய ரேடியோ. ஆனாலும் சொன்னவர் பெயர் சொல்லித்தான் செய்தி வாசித்தார்கள். 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு அந்த வானொலி ஒலிபரப்பு நின்றது. வலைத்தளத்தில் அவர்கள் இருக்கிறார்கள், ஆனால் திண்ணையில் கூடுகிற அந்தக் காதுகள் செல்போனுக்குள் தனித்தனியே போய்விட்டன.

இப்போது நம் வீட்டு விஷயம். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். இந்த இதழை ஒருவர் சந்தா கட்டி வாங்குகிறார். அடுத்த நிமிடம் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பி.டி.எஃப். ஆக்கி, பத்து குரூப்பில் போட்டுவிடுகிறார். நன்மையை நாடித்தான் போடுகிறார், அல்லாஹ் கூலி கொடுக்கட்டும். ஆனால் ஒரு ஊரில் கலவரம் என்றால் பஸ் ஏறிப் போய், இரண்டு தரப்பையும் பார்த்து, போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கிக் கொண்டு வருகிற நம் செய்தியாளப் பையனுக்கு பஸ் கட்டணம் எங்கிருந்து வரும்? அந்தப் பையன் நின்றுவிட்டால், நாளைக்கு நம்மைப் பற்றி ஒரு ‘கொரோனா ஜிஹாத்’ கிளம்பும்போது, இல்லை, நான் போய்ப் பார்த்தேன் என்று சொல்ல நம்மிடம் ஆள் இருக்காது.

இன்னொன்று. பொய்யைக் கண்டுபிடித்துச் சொல்வதும் இங்கே லேசான வேலையில்லை. ஆல்ட் நியூஸ் நடத்தும் முஹம்மது ஜுபைரை 2022 ஜூனில் கைது செய்தார்கள். நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு ட்வீட்டுக்காக! உச்ச நீதிமன்றம் ஜூலையில் ஜாமீன் கொடுத்தது. அரசாங்கத்தைப் பற்றிய செய்தி உண்மையா பொய்யா என்று அரசாங்கமே தீர்ப்புச் சொல்லும் என்று ஒரு விதி போட்டார்கள்; அதை பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. ஆக, கம்பெனியையும் நம்ப முடியாது, அரசாங்கத்திடமும் ஒப்படைக்க முடியாது. நாமே செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் மஹல்லாவில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். உங்கள் ஊருக்குச் சரிப்பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள். பள்ளிவாசல் குரூப்பில் செய்தியோ படமோ போடுகிறவர், யார் எடுத்தது, எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால், முத்தவல்லி போட்டாலும் சரி, நான் போட்டாலும் சரி, அழிக்கப்படும். அழிக்கிற அதிகாரம் மூன்று பேரிடம். அதில் ஒருவர், அந்தக் கை யாருடையது என்று கேட்டதே, அந்தப் பெண் பிள்ளை. இப்போது கல்லூரியில் இதழியல் படிக்கிறது. போன மாதம் என்னுடைய பதிவு ஒன்றை அழித்துவிட்டது. மழை நீர் புகுந்த பள்ளிவாசல் என்று நான் போட்ட படம் நம் மாநிலமே இல்லையாம். எனக்கு முகம் சுண்டித்தான் போயிற்று. ஆனால் அது சொன்னது சரி.

நம்மைப் பற்றிப் பொய் வந்தால், கோபப்பட்டு நாமும் அதைப் பத்து பேருக்கு அனுப்பி, பாருங்கள் எப்படி எழுதியிருக்கிறான் என்று சொல்கிறோமே, அதை நிறுத்த வேண்டும். அந்தக் கணக்குக்கு நம் கோபமும் ஒரு தீனிதான். பதிவின் முகவரியையும் தேதியையும் படமாக எடுத்து வைத்துக் கொண்டு, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021 விதிகளின்படி அப்படி ஒரு அதிகாரியை அவர்கள் இந்தியாவில் வைத்தாக வேண்டும். நம் மூத்தவர்கள் பிரஸ் கவுன்சிலுக்கு எழுதினார்களே, அதே வேலைதான். எழுதியதன் நகலை நம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஒரே பொய்யைப் பற்றி நாற்பது ஊரிலிருந்து நகல் வந்தால், வழக்கறிஞர் அணி அதைக் கையில் வைத்துக் கொண்டு பேச முடியும்.

சந்தா ரசீதுப் புத்தகம் வாசல் பக்க மேஜையில் இருக்கிறது. இந்த உரையை அச்சில் படிக்கிறவர்கள் கிளை நிர்வாகியிடம் கட்டலாம். பி.டி.எஃப்.பில் படித்துக் கொண்டிருப்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அஸருக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. கேள்விகளை எழுதிக் கொடுங்கள். சீட்டில் பெயர் எழுத மறக்க வேண்டாம். பெயரில்லாத சீட்டை இன்று வாசிப்பதாக இல்லை.